ரைட்டரின் கம்ப்யூட்டரும் காப்பி மெஷினும்

1. ஏற்றிய நாள்

அந்த எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் புது ஓஎஸ், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், ஏற்றியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படிப்பதற்காக எழுதுவது இது. என் பெயர் கெடாதபடி வளைத்து எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

ஏற்காடு பஜாரில் இருபத்தைந்து வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். அத்தாவுடைய பாத்திரக் கடையில் பாதியைப் பலகை வைத்துத் தடுத்து ஆரம்பித்தது. லாட்ஜ், பள்ளிக்கூடம், எஸ்டேட், இவைதான் வாடிக்கை. மழைக்காலத்தில் மதர்போர்டில் பூஞ்சை பிடிக்கும், கீபோர்டுக்குள் எறும்பு குடியேறும். அதையெல்லாம் துடைத்துச் சரிசெய்துவிடலாம். சில வருடத்துக்கு ஒரு முறை கம்பெனிக்காரன் ஓஎஸ்ஸின் முகத்தையே மாற்றுவான் பாருங்கள், அதற்குத்தான் என்னிடம் மருந்து கிடையாது. நேற்று வரை இருந்த பொத்தான் இன்று இருக்காது. எழுத்து இருந்த இடத்தில் படம் இருக்கும். பிரிண்ட் எங்கே என்று லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிற அம்மா அழாத குறையாகக் கேட்பார். எனக்கே தேடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் தெரிந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஆண்டியப்பன் ரைட்டராக இருந்தார். எந்த ஆள் காப்பித் தோட்டத்தின் எந்த பிளாக்கில் என்ன வேலை செய்ய வேண்டும் என்று தினமும் பட்டியல் போட்டு ஒட்டுவது ரைட்டர் வேலை. மஞ்சக்குட்டை ஊர்க்காரர், ஐம்பத்தாறு வயது. ஒரு தடவை மவுஸ் மாற்றப் போனபோது, திரையில் தாறுமாறாகக் கிடந்த ஐகான்களை நான் வரிசையாக அடுக்கிவிட்டேன். அவர் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏனுங்க பாய், முன்னாடி இருந்தாப்பலயே வெச்சுக் குடுத்துருங்க. எனக்குக் கண்ணு நடுவுல கொஞ்சூண்டுதானுங்க தெரியுது. சுத்தி எல்லாம் இருட்டு. போனது திரும்பாதுன்னு சேலத்துல டாக்டர் சொல்லீட்டாரு."

அப்புறம் எப்படி வேலை செய்கிறீர்கள் என்றேன். செய்து காட்டினார். மவுஸை இடது பக்கம் கீழ் மூலைக்குத் தள்ளுவார். மூலையில் போய் அது தானாக நின்றுவிடும். அங்கே அழுத்தினால் மெனு. கீபோர்டு அம்புக்குறியில் நான்கு தட்டு மேலே, அவருடைய ஃபோல்டர். ரைட் கிளிக் செய்தால் மேலிருந்து எத்தனையாவது வரி காப்பி, எத்தனையாவது பேஸ்ட் என்று விரலில் எண்ணி வைத்திருந்தார். பட்டியலை மட்டும் பெரிய எழுத்தில், திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் படித்து முடிப்பார். தப்பே வராது.

"அறுபது வரைக்கும் ஓட்டீட்டனா போதுமுங்க. மேனேஜருகிட்ட சொல்லீராதீங்க." சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வாக்கை மட்டும் காப்பாற்றினேன்.

அடுத்த வருடம் மேனேஜர் கூப்பிட்டார். "பழைய ஓஎஸ்ஸுக்கு இனிமே சப்போர்ட் கிடையாதாம் பாய். ஹெட் ஆபீஸ்ல சொல்லீட்டாங்க, எல்லாத்தையும் மாத்திருங்க." நான் போன அன்று ரைட்டர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துதான் ஏற்றினேன். புதியதில் அந்த மெனு பொத்தான் மூலையை விட்டுக் கீழ் வரிசையின் நடுவுக்கு வந்திருந்தது. அதை மறுபடி இடது பக்கம் தள்ளி வைக்க ஒரு செட்டிங் உண்டு. இரண்டு நிமிட வேலை. அவர் ஞாபகம் வரத்தான் செய்தது. பள்ளிக்கூட லேபில் முப்பது மெஷின் காத்துக்கொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2. நான்கு போன்

மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார்.

"பாய், மூலையில ஒண்ணையுமே காணமுங்களே?"

"நடுவுல இருக்குதுங்க ரைட்டரே. நாலு நாள்ல பழகிரும்."

"நடுவுலன்னா எங்கீங்க? மூலைன்னா போயி இடிச்சு நிக்கும். நடுவுல எங்க நிக்கும்?"

பழகிரும் என்றுதான் திரும்பச் சொன்னேன். அந்த வாரத்தில் நான்கு முறை கூப்பிட்டார். ரைட் கிளிக் செய்தால் முதலில் இருந்த எழுத்தெல்லாம் படமாகிவிட்டது, எது எதுவென்று தெரியவில்லை என்றார். நான்காவது முறை அவர் பேசியபோது லேபில் ஐந்து டீச்சர்கள் இதே புகாரோடு என்னைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர் சொன்னதை நான் பாதி கேட்டேன்.

ஏற்றிய பத்து நாளுக்குள் பழைய ஓஎஸ்ஸுக்கே திரும்ப வழி உண்டு. எனக்கு அது தெரியும். சொன்னால் மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு நான்தான் போக வேண்டும், மேனேஜருக்குக் காரணமும் சொல்ல வேண்டும். அதனால் சொல்லவில்லை.

3. மருந்தடித்த பிளாக்

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, ரைட்டர் வழக்கம்போலப் பட்டியலை எடுத்து பிரிண்ட் போட்டு ஒட்டினார். அது அன்றைய பட்டியல் இல்லை, போன வாரத்தது. புது ஓஎஸ்ஸில் ஃபைல்கள் வேறு வரிசையில் நின்றதும், தட்டு எண்ணி எடுத்ததில் ஒன்று மாறிப்போனதும் பிறகுதான் தெரிந்தது. திரையில் படித்துச் சரிபார்க்கிற நேரத்தையெல்லாம் பொத்தானைத் தேடுவதில் செலவழித்துவிட்டு, ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று அவசரப்பட்டிருக்கிறார்.

களையெடுக்கப் போன பெண்கள், முந்தின நாள் மருந்தடித்த பிளாக்குக்குள் போய்விட்டார்கள். வாடை அடிக்கிறதே என்று ஆட்களை மேற்பார்க்கிற மேஸ்திரி சத்தம் போட்டு வெளியே கூட்டி வருவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு பேருக்கு வாந்தி. ஜீப்பில் ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் இருவரும் நடந்தே வெளியே வந்தார்கள் என்பது ஒன்றுதான் அந்தக் கதையில் நல்ல பாகம்.

மேனேஜர் விசாரித்தார். கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, படியுங்கள் என்றார். ரைட்டர் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருந்தா வேற வேலை எதாச்சும் பாத்துக் குடுத்திருப்பனே ரைட்டர். இப்ப ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருச்சு. நான் என்ன பண்ணட்டும்?" என்றாராம். கெட்ட மனிதர் இல்லை. அந்த மாதத்தோடு ரைட்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தப்பு ரைட்டருடையது என்று எழுதி முடித்தார்கள். நான் எழுதிக் கொடுத்த சர்வீஸ் சீட்டில் "வேலை திருப்தி" என்றிருந்தது.

4. பொத்தான் வைத்த மெஷின்

சில மாதம் கழித்து ரைட்டரின் மனைவி சின்னப்பொண்ணு கடைக்கு வந்தார். காலை ஏழு மணிக்குத் தோட்ட வேலைக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புவார். அதுவரை ரைட்டர் தனியாக இருப்பார்.

"ஏனுங்க பாய், காப்பி போடற மெசினு ஊட்டுக்கு ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. அடுப்புகிட்ட அவரை உட நொம்ப பயமா இருக்குதுங்க. பிளாஸ்க்குல ஊத்தி வெச்சாக் குடிக்க மாட்டீங்கறாரு. நான் என்ன நோயாளியான்னு கேக்கறாரு. பொத்தானு தட்டுனாத் தெரியோணுமுங்க, அது ஒண்ணுதான்."

வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்குக் கொஞ்சம் காப்பிச் செடி உண்டு. சொந்தக் கொட்டையை வறுத்து அரைத்து, பால் சேர்க்காத வரக்காப்பியாகக் குடித்தே வளர்ந்தவர் ரைட்டர். சேலத்துக்கு இறங்கி மூன்று ஷோரூம் ஏறினேன். ஒவ்வொரு மெஷின் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன்.

"சார், உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"பொத்தான் எங்கம்மா இருக்குது?"

"எல்லாம் டச்சுங்க சார். லேசாத் தொட்டாலே போதும். இது பாருங்க, மொபைல்லயே ஆன் பண்ணிக்கலாம்."

முழுக்க வழவழவென்று கண்ணாடி. விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னொன்றில் ஒரே ஒரு பொத்தான் இருந்தது, ஆனால் கம்பெனி விற்கிற டப்பாத் தூளைத்தான் போட வேண்டும். சொந்தமாகக் காப்பி விளைவிக்கிறவரிடம் அதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? மூன்றாவது கடையில் கீழ்த்தட்டில் தூசி படிந்து ஒன்று கிடந்தது. தண்ணீர் ஊற்றி, தூள் போட்டு, பக்கத்தில் உள்ள சுவிட்சை டக்கென்று அழுத்தினால் டிகாஷன் கண்ணாடி ஜாடியில் இறங்கும். பழைய மாடல், யாரும் கேட்பதில்லை என்றார்கள். வாங்கிக்கொண்டேன்.

ரைட்டர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். இரண்டு டம்ளர் தண்ணீர், மூன்று கரண்டி தூள், டக். முதல் காப்பியை எனக்குத்தான் கொடுத்தார். மேல் சிந்தவில்லை. எஸ்டேட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில், ஏதோ ஈடு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இரண்டு மாதம்கூட நிற்கவில்லை.

கழுவும்போது ஜாடி உடைந்துவிட்டது. ஜாடி மட்டும் தனியாகக் கிடையாது என்றார்கள். அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம். அதே பெயரில் புது மாடல் வந்திருக்கிறதாம். பெயர் அதேதான். சுவிட்ச் இருந்த இடத்தில் கண்ணாடி.

வேறு வழி தெரியாமல் அதை வாங்கினேன். சின்னப்பொண்ணு தன் ஸ்டிக்கர் பொட்டுகளைப் பிரித்து, ஆன் இடத்தில் ஒன்றும் ஆஃப் இடத்தில் இரண்டுமாக ஒட்டினார். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். கண்ணாடியில் விரலால் தேடினாலே, தேடுவதை அது அழுத்துவதாக எடுத்துக்கொள்ளும் என்பது, டச் மெஷின்களோடே காலம் தள்ளிய எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் அவர் பொட்டைத் தடவித் தேடிக்கொண்டிருந்தபோது மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. ஜாடி இன்னும் உள்ளே வைக்கப்படவில்லை. அது தெரியாமல் அவர் ஜாடியை வைக்கப் போனபோது, கொதிக்கிற டிகாஷன் இடது கை முழுக்க இறங்கியது.

5. மஞ்சக்குட்டையில்

பார்க்கப் போனேன். கையில் கட்டு. மெஷினை அட்டைப்பெட்டியில் திரும்பப் போட்டு மூலையில் வைத்திருந்தார்கள். வேறு மாடல் தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

"உடுங்க பாய். அவிய மாத்தீட்டேதான் இருப்பாங்க. நான் எத்தனை தடவைதான் புதுசாக் குருடாவறது?"

அப்புறம் அவரே கேட்டார். "பாய், ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்கு நாலு தடவை போன் பண்ணுனனே. அப்பவே பழசை மறுபடி கொண்டாந்திருக்க முடியுமுங்களா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது.

"முடியும்ங்க. பத்து நாள் வரைக்கும் முடியும். எனக்குத் தெரியும்."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. பார்வை நான் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மழை வர்ற மாதர இருக்குதுங்க. கெளம்புங்க பாய்," என்றார்.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் சின்னப்பொண்ணுதான் எடுத்துப் பேசுகிறார். கடையையும் இந்த வருடம் மூடிவிட்டேன். இருபத்தைந்து வருடத்தில் கற்றுக்கொண்டது என்னவென்று கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன். ஒருவருடைய மெஷினில் கை வைக்கும் முன், அவரை அதன் முன்னால் உட்கார வைத்து, எப்படி வேலை செய்கிறார் என்று ஐந்து நிமிடம் பாருங்கள். நான் பார்த்திருந்தேன். பார்த்தது போதாது. அவர் போன் செய்ததுமே வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் போயிருக்க வேண்டும்.