குழாய்க்காரரும் மூன்று ஓட்டை உலையும்

குழாய்க்காரர் இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகக் குழாய் மாட்டுகிறவர். அவர் மாட்டியது ஒழுகியதாக ஒருவரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனுஷர் கத்தி செய்யக் கிளம்பியதுதான் வினை.

சமையலறைக் கத்தி உடைந்தபோது, “கடையில எதுக்கு வாங்கணும்? நானே பண்ணித் தர்றேன்” என்று மனைவியிடம் வாயை விட்டுவிட்டார். நாலு மாதம் ஆயிற்று. அந்த அம்மாள் பாதிக் கத்தியிலேயே காய் நறுக்குகிறாள்.

வாளி அகல இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றில், சூடு தாங்கும் பஞ்சை ஒட்டி, மேலே களிமண் பூசி, கேஸ் உலை செய்துவிட்டார். பர்னரை எங்கே சொருகுவது? அங்கேதான் மண்டை குழம்பியது.

“நேரா மேலேருந்து இறக்குங்கண்ணே” என்றார் தெரிந்த வெல்டர் ஒருவர். குழாய்க்காரர் ஓட்டை போட்டார். சரிவரவில்லை.

“பக்கவாட்டுல வைங்க. மேலேருந்து வச்சா யாருக்குச் சூடு?” என்றார் பக்கத்துத் தெரு மெக்கானிக். அந்த ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துவிட்டு இன்னொன்று. பிறகு தாமே யோசித்துச் சரிவாக மூன்றாவது.

“வாயில வச்சு ஊதிப் பாருங்க, பாட்டாவது வரும்” என்றாள் மனைவி. “நாளைக்குக் காலையில பழைய இரும்புக்காரர் வர்றார். இன்னிக்கு இது சூடாகலேன்னா தூக்கிக் கொடுத்துட்டு, நான் கடைக்குப் போறேன்.”

அன்றே, ஞாயிற்றுக்கிழமை மதியம். கடவுளை நினைத்துக்கொண்டு பற்றவைத்தார். கத்திக்கென்று உள்ளே வைத்த இரும்புப் பட்டையில் கட்டைவிரல் அகலம் மட்டும் சிவந்தது. மீதி கறுப்பாகவே கிடந்தது. திடீரென்று ‘டப்’பென்று தீ பர்னருக்குள்ளேயே திரும்பியது. பதறி வால்வை மூடினார். உள்ளே பார்த்தால் பர்னரின் மூக்கும் சிவந்திருந்தது.

மனைவியும் குனிந்து பார்த்தாள். “அது ஏங்க நெருப்புக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது?”

“குழாய்னா சுவரைத் தாண்டி ஒரு அங்குலம் வரணும்டி. இல்லேன்னா தண்ணி டேப்பை எதுல மாட்டுறது?”

“இதுல டேப் மாட்டப் போறீங்களா?”

அந்த ஓர் அங்குலம் அவர் கையில் ஊறிய பழக்கம். ஆறியதும் திருகைத் தளர்த்தி, மூக்கு சுவருக்குள் அடங்கும்படி பர்னரைப் பின்னால் இழுத்தார். அதில் சாய்வும் கொஞ்சம் மாறியது. இருக்கட்டும் என்று உலையின் பின்பக்கத் திறப்பையும் ஒரு செங்கல்லால் பாதி மறைத்தார்.

மறுபடி பற்றவைத்தார். தீ பட்டையை நேராகக் குத்தாமல் சுவரோடு சுருண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே முழுக்க ஆரஞ்சு நிறம். பட்டை நுனி முதல் அடி வரை ஒரே சிவப்பு.

“எப்படிங்க?”

“தெரியலையே. இழுத்ததா, சாய்ஞ்சதா, செங்கல்லா... மூணையும் ஒண்ணா பண்ணிட்டேன்.”

“தெரியலேன்னா தொடாதீங்க. முதல்ல கத்தியை அடிங்க.”

மறுநாள் இரும்புக்காரர் வெறுங்கையோடு போனார். பட்டை கத்தியாகி, அடுத்த வாரம் சமையலறைக்கும் போய்விட்டது. குழாய்க்காரர் மட்டும் உலைக்கு முன்னால் குந்தியிருந்தார். செங்கல்லை எடுத்துப் பற்றவைத்துப் பார்த்தால், காரணம் அதுதானா என்று தெரிந்துவிடும். கை அதுவரை போனது. வீட்டுக்குள் காய் நறுக்கும் சத்தம் கேட்டதும் திரும்பி வந்துவிட்டது.