எலுமிச்சம்பழத்துக்காகக் காற்றடித்த வண்டி

பர்மாவில், இன்சீனில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற அமெரிக்க வண்டியை வெட்ட பக்கத்து ஊரான ஷ்வேப்யிதாவிலிருந்து இரண்டு பேர் சம்மட்டியும் கேஸ் கட்டருமாக வந்தார்கள். நான் வண்டிக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டேன். வீரமாகத்தான் படுத்தேன். கட்டரைப் பற்றவைத்ததும் சீறிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அதில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"படுக்கிறதுன்னா ஒழுங்காப் படு மாப்ளே," என்றார் மச்சான், என் அக்காவின் புருஷன். "உன்னையும் சேர்த்தே வெட்டிடலாம்."

அவருக்கு அந்த இடம் வேண்டும். அக்கா மாவரைத்து விற்கிறாள். கரண்டை நம்பி ஊறவைத்த அரிசி பல தடவை குப்பைக்குப் போயிருக்கிறது. ஜெனரேட்டரும் கிரைண்டரும் வைக்க ஒரு கொட்டகை போட்டால்தான் பிழைப்பு. எனக்கு வண்டி வேண்டும். அப்பா அதற்கு டிரைவராக இருந்தார். முதலாளி நாட்டைவிட்டுப் போகும்போது சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

அதைச் செய்த கம்பெனி என்ன ஆனது என்று ஃபோனில் தேடிப் படித்திருக்கிறேன். ஒரு காலத்தில் ராஜாக்கள் ஏறிய வண்டி. எல்லாருக்கும் விற்கலாம் என்று ஆசைப்பட்டு மலிவாகவும் செய்தார்கள். பணக்காரன் அடுத்த கடைக்குப் போய்விட்டான். பிறகு தன்னைவிட நோயாளியான இன்னொரு கம்பெனியைக் கட்டிக்கொண்டார்கள். சாகக் கிடக்கும்போதுதான் மூளை வேலைசெய்தது: பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் தானே மட்டம் பார்த்து நிமிர்கிற வண்டி ஒன்றைச் செய்தார்கள். எங்களுடையது அந்த ரகம். கடைசியில் சம்பந்தி வீட்டு வண்டியில் தங்கள் பெயரை ஒட்டி விற்றார்கள், அப்புறம் பெயரும் போயிற்று. எங்கள் வீட்டில் தலைகீழ். மூக்கில் பெயர் அப்படியே இருந்தது. வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் ஜப்பான் லாரிகளுடையது.

"சரி, வெட்டுங்க," என்றேன். "ஒரு பூஜை போட்டுட்டு வெட்டுங்க."

மச்சான் எதற்கும் பயப்படாதவர், சாமியைத் தவிர. ஒத்துக்கொண்டார். புது வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவார்கள், ஆயுத பூஜைக்கு ஏற்றுவார்கள். வெட்டப்போகிற வண்டியை ஏற்றிய குடும்பம் எங்களுடையதுதான். பழம் நசுங்க வேண்டுமென்றால் சக்கரம் உருள வேண்டும். அதற்காக டயருக்குக் காற்றடித்தோம். "சாகப்போறதுக்கு எதுக்குக் காத்து, ஊலே?" என்று வெட்ட வந்தவர்களில் ஒருவர் பர்மியில் கேட்டார். ஊலே, அதாவது மாமாவாகிய நான், டிரைவர் சீட்டில் ஏறினேன்.

மச்சான் பூசணிக்காயோடு வண்டிக்கு முன்னால், கேட் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். முற்றம் கேட்டைப் பார்த்துச் சரிவு. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த அடைகல்லை எடுத்தார்கள்.

ஒரு சாண் உருள வேண்டிய வண்டி நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரைவரை போய் அங்கேயே தங்கிவிட்டது. நான் செய்தவை: ஹார்ன் அடித்தேன், அது வேலைசெய்யவில்லை. வைப்பரைப் போட்டேன். அம்மனைக் கூப்பிட்டேன், பக்கத்து வீட்டு ஏசுவைக் கூப்பிட்டேன், ஆலமரத்து நாட் தேவதையையும் விட்டுவைக்கவில்லை. ஸ்டீரிங்கைத் திருப்ப மட்டும் தோன்றவில்லை. மச்சான் பூசணிக்காயைக் கீழே போடாமலே என்னைப் பார்த்தார். பம்பர் அவரைத் தூணோடு சேர்த்து அடித்தது. பூசணிக்காய் வெடித்து, குங்குமம் கலந்த சதை கண்ணாடியில் வந்து அப்பியது. அவர் மண்டைதான் என்று நினைத்து நான் அலறினேன்.

அவர் அலறவில்லை. அதுதான் மோசம். வலது கால் பம்பருக்கும் தூணுக்கும் நடுவில் இருந்தது, முழங்காலுக்குக் கீழே இருக்கக் கூடாத ஒரு மடிப்போடு. வெட்ட வந்தவர்கள் வண்டியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நசுங்கிய இரும்பு தூணைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தது. தள்ளத் தள்ள ரத்தம் செருப்பை நிரப்பியது.

"உடை," என்றார் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு.

சம்மட்டியை எடுத்தது நான்தான். முதல் அடியில் கிரில் உள்ளே போயிற்று. இரண்டாவதில் ஹெட்லைட் தெறித்து என் கன்னத்தைக் கிழித்தது. பம்பரைத் தாங்கிய இரும்புக் கையை அடித்தேன், அடித்தேன், போல்ட் ஒன்று துப்பாக்கிக் குண்டு மாதிரி காதோரம் போனது. பம்பர் கழன்று தொங்கியது. அவரை இழுத்துப் படுக்கவைத்தார்கள். நான் நிறுத்தவில்லை. பானெட், அதன் மேல் நின்ற அன்னப் பொம்மை, அப்பா தினமும் துடைத்த கண்ணாடி, எல்லாவற்றையும் அடித்தேன். இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சி அவிழ்ந்து காலடியில் கிடந்தது எனக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரிந்திருந்தது. மூக்கில் ஒட்டியிருந்த பெயரை எழுத்தெழுத்தாகச் சிதறடித்தேன்.

"மாப்ளே," என்று தரையிலிருந்து குரல் வந்தது. "நான் வெளிய வந்து ரொம்ப நேரமாச்சு."

பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் அவரை ஏற்றினோம். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, கால் தப்பித்தது. வண்டியின் மிச்சத்தை அன்றைக்கே வெட்டி ஏற்றிவிட்டார்கள். பாதி வேலையை ஊலே முடித்துவிட்டதாக மெச்சினார்களாம்.

இப்போது அந்த இடத்தில் ஜெனரேட்டர் அலறுகிறது. மச்சான் கட்டுப்போட்ட காலை நீட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் அக்கா அதற்குப் பூஜை போட வேண்டும் என்றாள். அவர் காலில் போட்டிருந்த கட்டைத் தடவிக்கொண்டார்.

"தாராளமாப் போடு," என்றார். "அதுக்குச் சக்கரம் கிடையாதுல்ல?"

குனிந்து பார்த்தேன். நான்கு இருந்தன. போய் அடைகல் தேடினேன்.