அண்ணன் வரைஞ்ச டீப்பெட்டி

எம் பேத்தி எஞ்சினீருக்குப் படிக்கறாளுங்க, எனக்கு ஒரே பெருமை! அவ பென்சில் சீவுன வாசத்துல நான் சின்ன வயசுல இருந்த கீழ் கோத்தகிரி எஸ்டேட்டுக் கூலிக்காரங்க லைன் ஊட்டுக்கே போயிட்டேன். அண்ணன் அங்க பலகை மேல தாளு வெச்சு, கோடெல்லாம் சாய்ச்சுச் சாய்ச்சு, தேயிலை அடைக்கற டீப்பெட்டி வரைஞ்சு பழகுவான். அந்தப் பலகையில அம்மா வடகம் காயப்போட்டு ஒரு நாள் வந்துச்சு பாருங்க சண்டை!

ஒரு மழை நாளு அண்ணன் வரைஞ்ச தாளை எங்கிட்ட நீட்டுனான். "இது என்ன, சொல்லு புள்ள?"

"ஊட்டுச் சுவரு சேர்ற மூலை. உள்ளார உக்காரலாம்."

"கழுத, பெட்டிடி! இன்னைக்கு வெள்ளைக்காரத் தொரைகிட்டக் காட்டோணும். பெட்டியாத் தெரிஞ்சாத்தான் டிராயிங் வேலை."

எனக்கும் பெட்டியாத்தானுங்க தெரிஞ்சுது. அவனைச் சீண்டோணும்னே மூலைன்னேன். அவன் அழிச்சு அழிச்சு மூணு தடவை வரைஞ்சு, நேரமாயிருச்சுன்னு மழையில குறுக்கு வழியா ஓடுனான். மண்ணு சரிஞ்சிருச்சு. ஆளே கெடைக்கலீங்க.

இப்பப் பேத்தி, அவ வரைஞ்ச தாளை நீட்டுனா. "அம்மிச்சி, இது என்ன?"

"பெட்டி சாமி, பெட்டியேதான்!" கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டேன்.

ஆனா எனக்கு இப்ப மூலைதானுங்க தெரியுது. அதுக்குள்ள அண்ணன் நனைஞ்சுபோய் உக்காந்திருக்கறான்.