நகப்பூச்சு மணத்த வியாழக்கிழமைகள்

மூன்று வருடங்களுக்கு முந்திய மாசி மாதம். இத்தாலியின் பலேர்மோ நகரில், கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நானும் கணவரும் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். இருவருக்கும் வீட்டுவேலைதான் தொழில். நான் லிபெர்த்தா பகுதியில் இரண்டு வீடுகளில் துணி துவைத்து, இஸ்திரி போட்டு, கிழிந்ததைத் தைத்துக் கொடுப்பேன். அவர் அதே பகுதியில் மனைவியை இழந்த ஒரு இத்தாலியப் பெரியவருக்குச் சமைத்து, வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. கடைக்காரர் நிறுத்துத் தந்த தக்காளியைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் பைக்குள் போடுவேன். பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். கணவர் இது தெரிந்துதான் என்னைக் கட்டினார், அதனால் அவர் மீது எனக்கு இரக்கம் கிடையாது.

இங்கே வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை மதியத்துக்குப் பிறகு ஓய்வு. எத்தனையோ வருடமாக அந்த அரை நாள்தான் எங்களுக்கு. ஆனால் அந்த வருடம் தை பிறந்ததிலிருந்து, வியாழன் சாப்பிட்டதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெரியவர் வீட்டில் ஜன்னல் துடைக்க வேண்டும் என்பார். ஒரு வீட்டுக்கு எத்தனை ஜன்னல்தான் இருக்கும்?

பிறகு வாசம். திரும்பி வரும்போது அவர் சட்டையில் நகப்பூச்சு மணத்தது. நான் துணி துவைத்துப் பிழைக்கிறவள். ஒரு சட்டையை மோந்து பார்த்தே அதைப் போட்டவர் எங்கே போனார், என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடுவேன். இது நகப்பூச்சேதான். ஒரு நாள் கைமடிப்பில் சிவப்பாக ஒரு துளியும் காய்ந்திருந்தது. அடுத்த வாரம் எங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டியைக் காணவில்லை. திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்றார். எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றினார். என்னுடைய இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய் யாருடைய துணியைத் தேய்க்கிறார்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் தொலைபேசியும் கையுமாகத்தான் இருந்தேன். அவருக்கு அழைப்பு எடுப்பேன், "வேலையாய் இருக்கிறன்" என்று வைத்துவிடுவார். திரும்ப எடுப்பேன். மூச்சு வாங்கப் பேசுவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பெரியவரின் வீட்டுக்கே போய்க் கீழே மணியை அழுத்தினேன். யாரும் இல்லை. இருபத்திரண்டு வருடத்துக் குடும்பம் இந்த நகரத்தில் இப்படியா முடியப்போகிறது என்று அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த வியாழன் கணவருக்குப் பின்னாலேயே போனேன். சந்தைக்குள் மீன் தட்டுகளுக்கு நடுவே ஒளிந்து ஒளிந்து போவது கஷ்டமில்லை. அவர் லிபெர்த்தா பக்கம் திரும்பவே இல்லை. நேரே துறைமுகத்தை நோக்கி நடந்தார். வழியில் ஒரு கடையில் நின்று கனோலி இனிப்பு வாங்கினார். இரண்டு! கண்ணாடி வழியாக எண்ணிப் பார்த்தேன். எனக்கு அவர் கனோலி வாங்கித் தந்து நாலு வருடம் இருக்கும்.

துறைமுகத்துக்குப் பின்னால் வரிசையாகப் பழைய சரக்குக் கிடங்குகள். அதில் ஒன்றின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் குனிந்து உள்ளே போனார். நான் பத்து நிமிடம் வெளியே நின்று, பிறகு குனிந்து பார்த்தேன். நகப்பூச்சு வாசம் குப்பென்று அடித்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு, நீளமாக வெள்ளைத்துணி இழுத்துக் கட்டியிருந்தது. இந்தப் பக்கம் என் கணவர். அந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் ஓர் ஆளின் நிழல். "பியானோ, பியானோ" என்று சிரிக்கிறார் இவர். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம்.

உள்ளே பாய்ந்தேன்.

"ஆரவள்? வெளியாலை வரச்சொல்லுங்கோ அவளை!"

துணிக்கு மேலால் ஒரு வழுக்கைத் தலை எழும்பியது. நெற்றியில் மூக்குக்கண்ணாடி, வாயில் பாதிக் கனோலி. பெரியவர்.

அந்த வெள்ளைத்துணி ஒரு விமானத்தின் சிறகு. மூலையில் மிச்ச விமானம் நின்றது. மர உடம்பு, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரத் திறந்த இருக்கைகள், பளபளவென்று சிவப்பு வால். பழைய காலத்து விமானங்கள் போல ஒன்றைத் தன் கையாலேயே கட்டி ஓட்ட வேண்டும் என்பது பெரியவரின் ஆசையாம். ஆறு வருடமாகக் கட்டுகிறாராம். மரச்சட்டத்தின் மேல் துணியை ஒட்டி, இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் அது சுருங்கி இறுகும். பிறகு உள்ளே வரிசையாக இருக்கும் ஒவ்வொரு சட்டத்தோடும் துணியைச் சேர்த்து மெழுகு நூலால் தைத்து, மேலே பூச்சுப் பூசுவார்கள். அந்தப் பூச்சுத்தான் நகப்பூச்சு போல மணக்கிறது. தைக்க ஆள் இரண்டு வேண்டும். நீள ஊசியை ஒருவர் குத்த, மற்றவர் அந்தப் பக்கம் வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும்.

"இதை ஏன் எனக்கு ஒளிச்சனீங்கள்?" என்று கத்தினேன்.

கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிளேன் எண்டால் நீர் பயப்பிடுவீர். அதுதான் சொல்லேல்லை."

சின்ன வயதில், ஊரில் போர் நடந்தபோது, குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டு நிலத்துக்குக் கீழே வெட்டிய பங்கருக்குள் ஓடியவள் நான். இங்கேயும் கோடையில் மலையில் தீப்பிடித்து, அணைக்கிற மஞ்சள் விமானங்கள் வீட்டுக்கு மேலால் போனால் மேசைக்குக் கீழே போய்விடுவேன். அவர்தான் கீழே குனிந்து, போய்விட்டது, வாரும் என்று கூப்பிடுவார்.

வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு குற்றமும் பிடிக்காமல் போவதா? துணியாலா பறக்கப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே சிறகில் தைத்திருந்த முடிச்சுகளை விரலால் நெம்பிப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாம் கல்லுப் போல இருந்தன. ஆறாவது சட்டத்தில் ஒரு முடிச்சு வழுக்கியது. அடுத்ததும் வழுக்கியது. அதற்கடுத்ததும்.

"இது கழலுது," என்றேன். கணவர் முதலில் நம்பவில்லை. பெரியவர் கண்ணாடியை இறக்கி, நூலை மெல்ல இழுத்தார். முடிச்சு அப்படியே ஓடி அவிழ்ந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த வாரம் தையலின் மேல் நாடா ஒட்டிப் பூச்சுப் பூச இருந்தார்களாம். பூசிவிட்டால் முடிச்சு யாருக்கும் தெரியாது. மேலே போனபின் காற்று அந்தத் துணியைச் சட்டத்திலிருந்து பிய்த்தால், உள்ளே இருக்கிறவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

பெரியவர் எந்தச் சட்டத்தை எந்த நாளில் தைத்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஆறாவது சட்டம், மூன்று வாரத்துக்கு முந்திய வியாழன். முடிச்சுப் போட்டது என் கணவரின் பக்கம். அவர் கொப்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அண்டைக்குத்தான் நீர் பதினொரு தரம் எடுத்தனீர்," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

ஒவ்வொரு தரமும் நூலைப் பாதியில் விட்டு, கையைத் துடைத்து, எனக்குப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடம் மறந்து திரும்பத் தொடங்கியிருக்கிறார். அந்த முடிச்சுகளை அவர் போட்டார் என்றாலும், அவிழ்த்தது நான்தான். அங்கே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பெரியவர் மிச்சமிருந்த கனோலியை என்னிடம் நீட்டினார்.

"சிஞ்ஞோரா, உங்களுக்கு யாரையும் நம்பும் பழக்கம் இல்லையா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

"அப்படியென்றால் வியாழக்கிழமைகளில் வாருங்கள். இங்கே ஒன்றையும் நம்பாதீர்கள்."

போனேன். அந்தச் சட்டத்தை நாங்கள் மூவரும் பிரித்துத் திரும்பத் தைத்தோம். அதன் பிறகு ஒரு முடிச்சு, ஒரு ஆணி, ஒரு கம்பிகூட நான் இழுத்துப் பாராமல் தப்பவில்லை. "நல்லாய்த்தானே இருக்குது" என்று கணவர் சலித்துக்கொண்டால், "அதை நான் சொல்லவேணும்" என்பேன். இஸ்திரிப்பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவர்களுக்கு வேறு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்த வருடம் வசந்தத்தில், நகரத்துக்கு வெளியே ஒரு புல் மைதானத்திலிருந்து பெரியவர் விமானத்தைத் தனியே ஓட்டினார். பல நாள் அப்படித் தனியே ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு என் கணவரை முன்னிருக்கையில் ஏற்றினார். அன்று காலை சிறகை நான் மூன்று தரம் தடவிப் பார்த்தேன். இயந்திரம் முழங்கியதும் என் உடம்பு என்னைக் கேட்காமலே பெரியவரின் காருக்குப் பக்கத்தில் குந்திவிட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் தூரமாகப் போனது. வாரும் என்று கூப்பிட இந்த முறை கீழே ஆள் இல்லை, அவர் மேலே இருந்தார். நானாகவே எழும்பி நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு வாலோடு அது தலைக்கு மேல் திரும்பியபோது, வெயிலில் சிறகின் அடிப்பக்கம் தையல் வரிசைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு என்று ஆறாவது வரை எண்ணினேன். அவர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

என் குணம் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் அவர் வரப் பிந்தினால் என் கை தொலைபேசிக்குத்தான் போகிறது. ஒரு தரம் எடுப்பேன். இரண்டாம் தரம் எடுக்கப் போகும்போது, இந்த நேரம் அவர் கையில் என்ன முடிச்சு இருக்கிறதோ என்று நினைத்து, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.