கேட்காமல் பூசிய எண்ணெய்

இந்த வெளிநாட்டு நகரத்தில், மல்கிரேவ் புறநகரிலுள்ள அலுவலகத்தில் என் எதிர் மேசையில் இருப்பவள் ஒரு யூதப் பெண். என் வயதுதான், நல்ல சிநேகிதி. போன குளிர்காலத்தில் அவளுடைய அப்பாவுக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது கைப்பையில் ஒரு சின்னக் குப்பியை வைத்துக்கொண்டேன். எங்கள் சபையிலிருந்து எருசலேமுக்குப் பயணம் போனவர்கள் வாங்கி வந்த அபிஷேக எண்ணெய்.

நான் நாகர்கோவில்காரி. சுகமில்லாதவர் நெற்றியில் எண்ணெய் தொட்டு ஜெபிப்பது எங்களுக்கு ரசம் வைத்துக் கொடுப்பதுபோல இயல்பான காரியம். அவள் அப்பாவின் முன்னோர்கள் ஊர் எண்ணெய் என்பதால் அவர் சந்தோஷப்படுவார் என்றே நினைத்தேன்.

அவர் கண்மூடிப் படுத்திருந்தார். தலையில் யூதர்கள் அணியும் சின்ன வட்டத் தொப்பி. டாக்டர் கூப்பிட்டதால் மகள் வெளியே போனாள். நான் அவள் வரும்வரை காத்திருக்கவில்லை. விரலில் எண்ணெய் எடுத்து அவர் நெற்றியில் சிலுவை வரைந்து, கண்ணை மூடி மனதுக்குள் ஜெபித்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் கதவருகே நின்றிருந்தாள். அறை முழுக்க எண்ணெய் வாசனை. அவள் டிஷ்யூ எடுத்து, அவருக்கு வலிக்காமல் துடைத்தாள். பிறகு என்னை வெளியே அழைத்துப் போனாள்.

"அவர்கிட்ட கேட்டியா?" என்றாள்.

"தூங்கிட்டு இருந்தாரே," என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. அபிஷேக எண்ணெயை மோசே ஒருமுறைதான் செய்தார் என்றாள். ஆசாரியருக்கும் அரசருக்கும் மட்டுமே உரியது, சாதாரண உடம்பில் படக்கூடாது, அதேபோல இன்னொன்று செய்யவும் கூடாது. அது எங்கோ மறைத்து வைக்கப்பட்டிருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். அதைக் கடையில் யாரும் தேடுவதில்லை.

"ஒலிவப்பழம் நசுங்கினாத்தான் உள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே வரும். பரிசுத்தமும் அப்படித்தான்னு அப்பா சொல்வார். இன்னொருத்தர் வந்து பூசிவிட முடியாது."

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "தூங்குற மனுஷனுக்கா பூசின?" என்று கேட்டார். எங்கள் வேதத்தைப் புரட்டினேன். வெள்ளைப்போளம், கருவாப்பட்டை என்று அந்த எண்ணெயில் சேர்ந்த வாசனைப் பொருட்களின் கீழெல்லாம் நானே கோடு போட்டிருந்தேன். அவள் சொன்ன தடை அடுத்த சில வரிகளிலேயே இருந்தது. எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன்.

திங்கட்கிழமை அவள் முகத்தைப் பார்க்கக் கூசி, மதியச் சாப்பாட்டைக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளே தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட மறைக்க வேண்டாம்னு நினைக்கிறேன். அப்பா அன்னைக்குத் தூங்கல."

"முழிச்சா இருந்தார்?"

"ஆமா. கண்ணைத் திறந்தா நீ அவமானப்படுவேன்னு மூடிக்கிட்டே இருந்தாராம். ஒருத்தரை வெட்கப்பட வைக்கிறது ரத்தம் சிந்துற மாதிரின்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நெஞ்சைப் பிளந்து தைத்த வேதனையோடு படுத்திருந்த மனிதர், தன் நெற்றியில் சிலுவை போடுகிறார்கள் என்று தெரிந்தும், எனக்காக அசையாமல் கிடந்திருக்கிறார். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

அவர் வீடு திரும்பியபின் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் தொடங்குமுன்பே கையை உயர்த்தி, அந்தப் பேச்சு வேண்டாம் என்றார். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். டீ குடித்து முடித்தபோது, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார்.

"எனக்காக என்ன வேண்டிக்கிட்டே?"

"சுகம்," என்றேன்.

அதுவும் வேண்டியிருந்தேன். ஆனால் அதற்கு முன்னால், இவர் எங்கள் மார்க்கத்துக்கு மாறிவிட வேண்டும் என்றுதான் கேட்டிருந்தேன். அவர் நன்றி சொல்லி என் கையைத் தட்டிக் கொடுத்தார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.