காதுக்குள் போன பாம்பு

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியை ஒட்டித்தான் குழந்தைக்குச் சேலையில் ஏணை கட்டியிருந்தோம். வேறு இடம் கிடையாது. நான் நாளெல்லாம் நெய்வேன். தறிச் சத்தத்தில் வந்தவர்கள் கத்தித்தான் பேசவேண்டும். எங்கள் பெண் மட்டும் அசையாமல் தூங்குவாள். "நெசவுக்காரன் வூட்ல பொறந்தது, வேற எப்பிடி இருக்கும்?" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒன்றேகால் வயதாகியும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "கூப்ட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குது. எனக்கு பயமா இருக்குதுங்க" என்றாள் என் மனைவி. "உன் தொண்டைக்கு யாரு திரும்புவாங்க? போய் வேலையப் பாருடி" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் அத்தனை கோபம்.

அந்த ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. நெய்யும்போது கால் வைத்துக்கொள்ளும் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. மொண்டு கொட்டும்போது ஓரத்து மண்ணிலிருந்து ஒரு புழுப்பாம்பு வந்தது. ஒரு சாண்கூட இருக்காது. கறுப்பு, நல்ல பளபளப்பு. கண் இருக்கிறதா என்றே தெரியாது, தலை எது வால் எது என்றும் தெரியாது. தூங்குகிறவர்களின் காதுக்குள் அது புகுந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லிச் சொல்லியே வளர்ப்பார்கள்.

எதிர்வீட்டு அம்மா வந்து பாம்பைப் பார்த்தார், பிறகு ஏணையைப் பார்த்தார். "அண்ணா, இதோட ஜோடிதான் கொழந்த காதுல பூந்துக்கினு இருக்குது. எண்ண காச்சி ஊத்துங்க, வந்துரும்" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பாம்பென்றால் வெளியே எடுத்துவிடலாமே! நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, தினமும் காலையில் ஊற்றினோம். முதலில் திமிறினாள், தலையை நான்தான் அழுத்திப் பிடித்தேன். பத்து நாளில் சீழ் வைத்தது. பாம்பு செத்து அழுகுகிறது என்று அதற்கும் மகிழ்ந்தோம்.

சீழ் நிற்காமல் போகவே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "அது பாவம், மண்ணுக்குள்ள எறும்பு முட்டைய தின்னுட்டு கிடக்கிற ஜீவன்பா. காதுக்குள்ள ஒண்ணும் இல்ல. குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேக்காது. இனிமே எண்ணெய் மட்டும் ஊத்தாதீங்க."

பஸ் இறங்கி வரும்போது தெருமுனையிலேயே எதிர்வீட்டு அம்மா, "இன்னா சொன்னாங்கண்ணா?" என்று கேட்டார்.

"பாம்புதானாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பாம்பு இல்லை என்று ஒத்துக்கொண்டால் என் மகளுக்காக நான் செய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை அந்த அம்மாவே எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார். கிண்ணத்தைக் கண்டதும் குழந்தை தத்தித் தத்தி வந்தாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. தானாகவே என் மடியில் தலையைச் சாய்த்து, காதைக் காட்டிக்கொண்டு படுத்தாள். மனைவி கிண்ணத்தைப் பிடுங்கி எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் ஊற்றினேன்.