மூச்சு முட்டும் ரொட்டி

அஃபுல் ரொட்டியின் அடிவயிற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். இன்னும் சூடு இருக்கிறது. "அவசரப்படாதே, இரு" என்று அதனிடமே சொல்லிவிட்டு மறுபடி கம்பித்தட்டின்மேல் வைக்கிறார்.

அந்தத் தட்டு ஏதோ ஒரு பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றியது. அஃபுலின் தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். டகோராடி துறைமுகத்துக்குப் பின்னால், பல குடும்பங்கள் சேர்ந்து குடியிருக்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் பாதியை அவருடைய செத்துப்போன ஃபிரிட்ஜுகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. உயிரோடு இருப்பதில்கூட அவர் ரொட்டியை வைக்கமாட்டார். "பூஞ்சை வராது, வாஸ்தவம். ஆனா ரொட்டி செங்கல்லாயிடும். செங்கல்லுக்கு எதுக்கய்யா குளிர்?" என்று, ஃபிரிட்ஜை வாங்கிப்போக வந்தவரிடமே சொல்லுவார். மிஞ்சினால் துண்டு போட்டு மேலே ஐஸ் அறையில் உறைய வைக்கலாம். அதற்கு மட்டும் அனுமதி உண்டு.

எங்கள் ஊர்க் கடல்காற்றுக்குச் செருப்பே பூஞ்சை பிடிக்கும். அஃபுல் வீட்டு ரொட்டி தப்பிவிடும். ஆறியபின் வெளுத்த துணியில் சுற்றி, வினிகர் போட்டுத் துடைத்து வெயிலில் காயவைத்த தகரப்பெட்டிக்குள் வைப்பார். ஈரக்கையோடு யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இந்த மனுஷன் நெத்தியைத் தொட்டுப் பார்க்கல" என்பார் அவர் மனைவி எக்குவா.

போன மழைக்காலத்தில் அவர்கள் மகள் எஜிர்பாவைப் பெண் கேட்டு, தொலைவிலிருக்கும் குமாசி நகரத்திலிருந்து வந்தார்கள். பையனின் மாமா அம்பொன்சா பெரிய மனிதர். தோளில் புரளும் பட்டுத்துணி, கறுப்புத் தொப்பி. மதுப்புட்டிகளை முறைப்படி முன்னால் வைத்தார்கள். பக்கத்தில், வழியில் சூடாக வாங்கிப் பாலித்தீன் பையில் முடிச்சுப்போட்ட ரொட்டிகள்.

"உங்க தோட்டத்துல ஒரு அழகான பூவைப் பார்த்தோம்..." என்று, பெண் கேட்கும்போது சொல்லும் வழக்கமான வாசகத்தை அம்பொன்சா கம்பீரமாகத் தொடங்கினார்.

அஃபுலின் கண் பூவில் இல்லை. பைகளின் உள்பக்கம் முத்துமுத்தாக வேர்த்துக்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. எழுந்துபோய் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

அம்பொன்சா பேச்சை நிறுத்தினார். "நாங்க பேசி முடிக்கிறதுக்குள்ள சீரைப் பிரிச்சு எண்ணிப் பார்க்கிறீங்களா?"

"எண்ணல ஐயா. அதுக்கு மூச்சு முட்டுது."

மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். மாமா சிரிக்கவில்லை. அவிழ்க்காமல் மிச்சமிருந்த ஒரு பையைப் பிடுங்கிக்கொண்டு, "கிளம்புங்க எல்லாரும்" என்றார். எஜிர்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எக்குவா கணவரைப் பார்த்த பார்வையில் அந்த ரொட்டிகள் மறுபடி வெந்திருக்கும்.

ஆனால் யாராலும் கிளம்ப முடியவில்லை. பிடித்த மழையில் சாலை முழுகி, பேருந்து நின்றுபோயிற்று. வந்தவர்களுக்கு ஆளுக்கொரு அறையில், பக்கத்துக் குடித்தனக்காரர்களான நாங்கள் பாய் விரித்தோம். அம்பொன்சா பெண்வீட்டில் தண்ணீர்கூடத் தொடவில்லை. என் அறையில் படுத்து, என் வீட்டுக் கஞ்சியைக் குடித்தார். ரொட்டிப் பையை வழிப்பயணத்துக்கென்று முடிச்சோடு தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

நாலு நாள் கழித்து மழை ஒருவழியாக விட்ட காலையில் பயணத்துக்குமுன் அதைப் பிரித்தார். ரொட்டிக்குப் பச்சைத் தாடி முளைத்திருந்தது. அவசரமாக மூடப்போனபோது வாசலில் அஃபுல் நின்றுகொண்டிருந்தார்.

இனி இவர் வாயை யாராலும் மூடமுடியாது என்று நினைத்தேன். ஆனால் அஃபுல் பையை வாங்கிச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போய், யாரும் பார்க்காமல் குப்பையில் போட்டார். பிறகு, அவர்கள் கொண்டுவந்ததில் தாம் அன்று முடிச்சவிழ்த்துக் காற்றாட வைத்துக் காப்பாற்றிய ஒரு ரொட்டியையும் கத்தியையும் கொண்டுவந்தார்.

அதை ஓரத்தில் வெட்டாமல் நட்டநடுவில் வெட்டி, உள்ளிருந்து இரண்டு துண்டுகள் எடுத்துக் கொடுத்தார். அம்பொன்சா முகர்ந்து பார்த்தார். மென்றார். இரண்டாவதையும் முடித்தார்.

"இந்தக் கைப்பக்குவம் பொண்ணுக்கும் வருமா?"

"இல்லைங்க ஐயா. அவ ரொட்டியைத் தொடவே மாட்டா. என்னாலதான்."

அம்பொன்சாவின் தோள் முதலில் குலுங்கியது. சிரிப்பு அப்புறம்தான் வந்தது. "போய் எல்லாரையும் கூப்பிடுங்க. நான் பாதியிலதானே நிறுத்தினேன்."

அஃபுல் உடனே எழவில்லை. "இதை மூடிட்டு வந்துடறேன். வெட்டின முகம் ரெண்டும் ஒட்டியிருந்தா காயாது" என்று ஒரு பாதியை மற்றதை நோக்கி நகர்த்தினார்.

அம்பொன்சா தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மறுபாதியைத் தம் பக்கமிருந்து அதோடு ஒட்டத் தள்ளிக் கொடுத்தார்.